பெரியவருக்கு ஒரு போட்டோ

கரண்ட் வருகிற வரைக்கும் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன் கண்ணு. வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், அதற்குள் கடையைச் சாத்திவிட்டு நீயும் காதுகுத்துக்குக் கிளம்பிவிடுவாய். உன் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனதை வரும்போதே பார்த்தேன். போகட்டும், எனக்கு அவர் வேண்டாம். கம்ப்யூட்டரில் வெட்டுகிற வேலை எல்லாம் நீதானே செய்கிறாய்? அதுதான் வேண்டும். ஒரே ஒரு போட்டோ. ஒரே ஒரு வெட்டு. முகத்துக்கு வெள்ளை அடிக்க வேண்டாம், பின்னால் ரோஜாப்பூ வைக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கிற பையனை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

இன்றைக்கே வேண்டும் கண்ணு. நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடி பிறந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் பேச்சே எடுக்க மாட்டார்கள். ஆவணி வருவதற்குள் வேறு எவளுடைய போட்டோவாவது உள்ளே போய்விடும். தரகர் சென்னியப்பன் சாயங்காலம் காங்கயம் பஸ் ஏறுகிறார். அதற்கு முன்னால் அவர் கையில் கொடுத்தாக வேண்டும். போனில் அனுப்பினால் ஆகாது. பெரியவர் போனில் பார்க்க மாட்டார். காகிதத்தில் இருந்தால்தான் பார்ப்பார், அதுவும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்ப்பாராம்.

பெரியவர் என்றால் மாப்பிள்ளையின் தாத்தா. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் பேரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தரகர்கூட, "பெரியவரு பாக்கட்டுமுங்க, பெரியவரு ஒரு வார்த்தை சொல்லட்டுமுங்க" என்றே சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் தேங்காய்க் களம், கிணறு, எல்லாம் இருக்கிறது. என் மகளுக்கும் இருபத்தேழு முடியப்போகிறது. பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஸ்டுடியோ போட்டோ ஆகாது.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு, உன் கடையைச் சொல்லவில்லை. மூத்த பேரனுக்கு அப்படித்தான் ஒரு போட்டோவைப் பார்த்துப் பேசிவிட்டு, நேரில் போனால் பொண்ணு வேறு நிறமாம், வேறு மூக்காம். பேச்சு முறிந்து, இரண்டு வீட்டுக்காரர்களும் இன்றைக்கு வரைக்கும் விசேஷங்களில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால், "மூஞ்சியக் கழுவிட்டு வெயில்ல நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு வேணும். பக்கத்துல ஒருத்தரும் நிக்கக் கூடாது. தனியா நின்னாத்தான் ஒருத்தி எப்படின்னு தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கேட்பதற்கு லேசாக இருக்கிறதல்லவா? என் மகளை நிறுத்தி எடுத்துப் பார், அப்போது தெரியும்.

நவீனா என்று பேர். கோயமுத்தூரில் கம்பெனி வேலை. சம்பளத்தில் முதலில் வாங்கினது ஒரு கேமரா. நகை சேர்க்கிற வயதில் லென்ஸ் சேர்க்கிறாள். சனிக்கிழமையானால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவாள், ஒரு கூட்டம் இருக்கிறது அதற்கு. வீட்டில் கட்டிலும் மெத்தையும் இருக்க, காட்டில் கூடாரம் போட்டுக் கல்லின்மேல் படுக்கிறாள். அதையும் காசு கொடுத்துப் படுக்கிறாள். அவள் எடுத்த போட்டோக்களைக் காட்டுவாள். சிலந்தி, பாசி, குருவி, குருவியின் குஞ்சு, அந்தக் குஞ்சு தின்கிற புழு. அத்தனையும் இருக்கும். அவள் ஒன்றில்கூட இருக்க மாட்டாள்.

"உன்னோடது ஒண்ணு குடு சாமி" என்றால், "நான் எடுக்கறவம்மா, எடுபடறவ இல்ல" என்பாள்.

கெஞ்சினேன். அழுதேன். அவளுடைய அப்பாவிடம் சொல்லச் சொன்னேன். அவர் டீவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அவகிட்டயே கேளு" என்றார். அவரிடம் எதைச் சொன்னாலும் இப்படித்தான், மற்றவர்களிடம் கேட்கச் சொல்லுவார். கடைசியில் அவளே ஒரு நாள், "அம்மா, இந்த வாரம் நீயும் எங்கூட வா. மலைல காலைல வர்ற வெயில் மாதிரி எங்கயும் கெடையாது. நீயே எடுத்துக்க. அப்படியே அங்க எல்லாத்தையும் ஒரு தடவை பாரு" என்றாள்.

"பாக்கறதுக்கு என்ன இருக்குது, மரந்தானே?" என்றேன்.

"வந்து பாரு" என்றாள்.

போனேன் கண்ணு. இந்த முட்டிக்காலை வைத்துக்கொண்டு போனேன். ஆனைமலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். அங்கே கூடாரம் போட இடம் விடுகிறார்கள். ஜீப் போகிற பாதையைப் பாதை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். இறங்கும்போது எனக்கு உடம்பில் எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்போது என் பையை வாங்கிக்கொண்டு, "மெதுவா இறங்குங்கம்மா" என்று ஒரு கை நீட்டினானே, அவன்தான் இந்தப் பையன். நீ வெட்டப்போகிற பையன். எபிநேசர் என்று பேராம். என் வாயில் நுழையவில்லை. எல்லாரும் எபி எபி என்கிறார்கள்.

தங்கமான பையன் கண்ணு, அதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்குக் கூடாரம் போட்டுக் கொடுத்ததே அவன்தான். முதலில் தரையைப் பார்க்கவில்லை, அண்ணாந்து மேலே பார்த்தான். "காஞ்ச கொம்பு தலைக்கு மேல இருக்கக் கூடாதும்மா, காத்தடிச்சா கூடாரத்து மேலதான் வரும்" என்றான். பிறகு நல்ல சமதளமாக ஓர் இடம் இருந்ததே என்று நான் காட்டினேன். அது தண்ணீர் ஓடின தடமாம். மழை வந்தால் படுக்கையோடு போக வேண்டியதுதானாம். கொஞ்சம் சரிவாக இருந்தால் தலையை மேட்டுப் பக்கம் வைக்க வேண்டும். செருப்பைத் தட்டாமல் காலில் மாட்டக் கூடாது, தேள் படுத்திருக்கும். தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்க வேண்டும். காலில் ஏறுகிற அட்டைக்கு உப்பை ஒரு துணியில் முடிந்து, நனைத்து, குச்சி நுனியில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நீயும் என்றைக்காவது போவதானால் ஞாபகம் வைத்துக்கொள். போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் சொன்னான். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"திங்கற பொருள் எதுவும் கூடாரத்துக்குள்ள வைக்கக் கூடாதும்மா. எல்லாம் அந்தச் சமையல் கொட்டாயில தகரப் பெட்டிக்குள்ள வச்சிரலாம். பழம் கிழம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்லியே சாமி" என்றேன்.

இருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம், புடவைக்கு அடியில். நான் பொய் பேசுகிறவள் இல்லை. வரும் வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, அம்மன் கோயிலில் இந்தச் சம்பந்தம் கூடி வர வேண்டும் என்று வைத்து வாங்கின பழம். சாமி பாதத்தில் வைத்த பழத்தை, எல்லாரும் செருப்பைக் கழற்றிப் போடுகிற கொட்டகையில் கொண்டுபோய் வைப்பேனா? நீயாக இருந்தால் வைப்பாயா? சொல்.

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே போட்டோ வேலையை ஆரம்பித்தேன். அதற்கும் அவன்தான் வாத்தியார். "லென்ஸை மொதல்ல தொடைங்கம்மா, பாதி போட்டோ அழுக்குலதான் கெடுது" என்று சொல்லி, என் நூல் புடவை முந்தானையிலேயே துடைக்கச் சொன்னான். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் கை ஆடாது. தூரமாக இருந்தால் விரலால் இழுத்துப் பெரிசாக்கக் கூடாது, நாமே நாலடி நடந்து கிட்டே போக வேண்டும். சூரியன் அவளுக்குப் பின்னால் இருந்தால் முகம் கரியாகிவிடும். எடுக்கிறதற்கு முன்னால் தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முகத்தின்மேல் ஒரு தட்டுத் தட்டினால் மஞ்சளாக ஒரு கட்டம் வரும், அது வந்த பிறகுதான் அமுக்க வேண்டும். உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். உன் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். சொன்னாரா? இல்லையா? ஆம்பளைகள் அப்படித்தான்.

எடுத்தேன் எடுத்தேன், அப்படி எடுத்தேன். ஒன்றில் அவள் தலையிலிருந்து ஒரு மரம் முளைத்திருந்தது. ஒன்றில் கண்ணை மூடியிருந்தாள். ஒன்றில் என் கட்டைவிரல். மற்றதில் எல்லாம் அவள் நேராகவே பார்க்கவில்லை, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன என்று பார்த்தால், அந்தப் பக்கம் எபி ஒரு வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதில் வெயில் பட்டு அவள் முகத்தில் விழுமாம். இவள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வது?

"இங்க பாரு நவீனா, இங்க!"

"பாக்கறேன்ம்மா. நீதான் பாக்கமாட்டேங்கறே. முன்னாடி நிக்கற ஆளை விட்டுட்டுப் பின்னாடி மரத்தைப் பிடிக்கறே, பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை, துண்டை மடித்துக்கொண்டிருந்தான்.

டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையில் ஏதாவது வேண்டும் என்றால் அப்படித்தான் உட்காருவாள். "எபியைப் பத்தி என்னம்மா நெனைக்கறே?" என்று கேட்டாள்.

"அவனுக்கென்ன, சொக்கத் தங்கம். யாரு பெத்த புள்ளையோ. நாளைக்கு அவனுக்கு வரப்போறவ குடுத்து வச்சவ" என்றேன்.

டீ புரையேறிவிட்டது அவளுக்கு. எதிரே உட்கார்ந்திருந்த அவன் காது வரைக்கும் சிவந்துபோய், விறகு பொறுக்கப் போகிறேன் என்று எழுந்து போனான். விறகு ஏற்கெனவே குவிந்து கிடந்தது.

எனக்குப் பயமே இல்லை கண்ணு. ஏன் என்றால் அவர்கள் வேறு ஆளுகள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள். நம்ம ஆளுகளில் ஒரு பையனாக இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இவன் விஷயத்தில் பேச இடமே இல்லை பார். அதனால் நிம்மதியாகப் படுத்தேன். நிம்மதி என்றால், முதுகில் ஒரு வேர் குத்திக்கொண்டு இருந்தது.

விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். நவீனாவும் மற்றவர்களும் ஏதோ குருவி பார்க்க வேண்டும் என்று முன்னாலேயே எழுந்து போய்விட்டார்கள். நான் கூடாரத்துக்குள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். எஸ்டேட் காவல்காரர் ஒருவர், மாகாளி என்று பேர், அந்த மலைக்காரரே, கூடாரத்துக்கு வெளியே வந்து குசுகுசு என்று கூப்பிட்டார்.

"அம்மா. பெரியவரு வந்திருக்காரு. சத்தம் போடாதீங்க. உள்ளயே இருங்க."

கையிலிருந்த படுக்கையை அப்படியே போட்டுவிட்டேன் கண்ணு.

பெரியவர்! இத்தனை மலை ஏறி! தனியாக நின்றால்தான் ஒருத்தி எப்படி என்று தெரியும் என்று சொன்னவர், தானே நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டார். இந்தச் சென்னியப்பன்தான் உளறியிருப்பான், பொண்ணு மலைக்குப் போயிருக்கிறாள் என்று. பொண்ணு பார்க்கிறதற்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விசாரிக்கிறது நம் பக்கத்தில் இல்லாததா? என் அக்காளைப் பார்க்க அப்படித்தான் வளையல்காரியாட்டம் ஒருத்தியை அனுப்பினார்கள். நானோ குளிக்கவில்லை, தலை வாரவில்லை. இவள் ஒரு பேண்ட்டைப் போட்டுக்கொண்டு எந்த மரத்தடியில் எவனோடு... எவனோடு என்று சொல்லக் கூடாது. கூட்டத்தோடு. கூட்டத்தோடுதான் போயிருந்தாள்.

உள்ளே இருந்தபடியே கேட்டேன். "எங்கப்பா நிக்கறாரு?"

"தண்ணித் தொட்டிகிட்டங்க."

"கூட ஆராச்சும் வந்திருக்காங்களா?"

"ஒண்டிதானுங்க. கூட்டமா வந்தாப் பயமில்லீங்க. ஒண்டியா வந்தாக் கொஞ்சம் மொறைப்பாத்தான் இருப்பாரு."

"கோவமா இருக்காரா?"

"இதுவரைக்கும் சாந்தந்தானுங்க. பசியில வந்திருக்காராட்டத் தெரியுது."

பசியோடு! எண்பது வயதுக்காரர்! பெண் வீட்டார் இருக்கிற இடத்தில் பெரியவர் பசியோடு நிற்கிறார், நான் கூடாரத்துக்குள் குந்திக்கொண்டு இருக்கிறேன். மாகாளி மற்றவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று அந்தப் பக்கம் ஓடிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தூக்குப்போசியின் மூடி ஒன்று இருந்தது. அதைத் துடைத்து, அதில் அந்தச் சாமி பழத்தை வைத்து, பையில் இருந்த வெற்றிலையையும் வைத்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரே பனிமூட்டம். தண்ணீர்த் தொட்டி எங்கோ சாம்பலாகத் தெரிகிறது. எனக்கு இருந்த கவலை எல்லாம் என்ன முறை சொல்லி அழைப்பது என்பதுதான். சம்பந்தம் முடியாத இடம். மாமா என்றால், பெண் கொடுக்க அவசரப்படுகிறாள் என்பார். ஐயா என்றால், யாரோ மாதிரி அழைக்கிறாளே என்பார். எதற்கு வம்பு என்று முறையே சொல்லாமல் பொதுவாக, "வாங்க, வாங்க. இப்பத்தான் வந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பமே" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

தொட்டி இரண்டாக இருந்தது. நேற்று ஒன்றுதானே இருந்தது என்று நினைத்தேன். அப்போது இரண்டாவது தொட்டி திரும்பி என்னைப் பார்த்தது.

அதற்கப்புறம் எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. தந்தம் ஞாபகம் இருக்கிறது. மூடியை நீட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்றுகூடக் கேட்டேனாம், பிறகு சொன்னார்கள். பக்கத்தில் காப்பிச் செடிக்குள்ளிருந்து எபி வந்தான். என் கையிலிருந்த மூடியைப் பிடுங்கிப் பழத்தோடு அந்தப் பள்ளத்துப் பக்கம் எறிந்தான். என்னை இழுத்து இந்தப் பக்கம் தள்ளினான். நான் அவன்மேல் விழ, அவன் கல்லின்மேல் விழுந்தான். யானை எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு என்ன நினைத்ததோ, பழம் விழுந்த பக்கம் இறங்கிப் போய்விட்டது.

மாகாளி ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டார். "உள்ளயே இருங்கன்னு சொன்னனுங்களேம்மா!"

"பெரியவருன்னு சொன்னியேப்பா!"

"காட்டுல வேற எப்படிங்கம்மா சொல்றது? பேரச் சொன்னா வந்துருவாருங்களே!"

அவர் மேல் என்ன தப்பு? எங்கள் வீட்டிலும்தான் பேர் சொல்லுகிற வழக்கம் இல்லை.

இனிமேல்தான் போட்டோ. நவீனா ஓடி வந்தாள். நான் அப்போதுதான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், பெற்ற தாய், சாவிலிருந்து தப்பினவள். என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினாள் கண்ணு. தாண்டி ஓடி அவனிடம் போனாள். அடிபட்டது அவனுக்குத்தானே, அதுதான் முறை. தொட்டிப் படியில் அவனை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அறிவிருக்கா உனக்கு? எதுக்குத் தனியாப் போனே? ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்று திட்டுகிறாள், அழுகிறாள். கூட மலைக்கு வருகிற பிள்ளைகள், ஒருத்தருக்கு ஒருத்தர் அக்கறை இருக்காதா? அவன், நான் யானையிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டதைச் சொன்னான். அழுதுகொண்டிருந்தவள் அப்படியே சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து மலைக்கு மேலே வெயில் வந்தது. பக்கவாட்டில் வந்து அவள் முகத்தில் விழுந்தது. பின்னால் மரமில்லை, கம்பமில்லை, வெறும் பனி. என் கை தானாகப் போனை எடுத்தது. லென்ஸைத் துடைத்தேன். நாலடி கிட்டே போனேன். முழங்கையை விலாவோடு ஒட்டினேன். முகத்தில் ஒரு தட்டு. மஞ்சள் கட்டம். அமுக்கினேன்.

அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பெற்று வளர்த்தவள் சொல்கிறேன், இவள் இப்படிச் சிரிப்பாள் என்று எனக்கே தெரியாது. பெரியவர் கேட்ட மாதிரியே இருந்தது, வெயில், கழுவின முகம். கண்ணீரில் கழுவினால் என்ன, கழுவினதுதானே. சரி, இனித் தனியாக ஒன்று எடுத்துவிடலாம் என்று அவனைச் சித்தே நகரச் சொன்னேன். நகர்ந்தான். அதே இடம், அதே வெயில், அதே முகம். அமுக்கிப் பார்த்தால் இந்தக் கடை மாதிரி இருக்கிறது, கரண்ட் போய். ஐந்தாறு எடுத்தேன், எல்லாம் அப்படியே. அதனால்தான் இதை வெட்டுவது தவிர வழியில்லை.

நேற்று போனில் சொன்னேன், "நல்லதா ஒண்ணு கெடச்சிருச்சு சாமி, தொட்டிகிட்ட எடுத்தது, அதையே குடுத்தனுப்பறேன்" என்று.

"அதையா? அப்படியே அனுப்பும்மா. வெட்டாதே."

"பக்கத்துல ஆளிருக்கே."

"இருக்கட்டும். இருக்கறதை இருக்கற மாதிரியே அனுப்பு. அவங்களும் அதைத்தானே கேட்டாங்க?"

"அதெப்படி கண்ணு?"

"அம்மா, உனக்கு நெசமாவே தெரியலையா?"

"எனக்கென்ன தெரியும், நான் எட்டாவது" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

நீ ஏன் கண்ணு என்னை அப்படிப் பார்க்கிறாய்? நீயும் அவளைப் போலவே பார்க்கிறாய். நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே. அவளுடைய அப்பா வாய் திறக்காத மனுஷன். ஆனால் அவருக்கு மூன்று பங்காளிகள் இருக்கிறார்கள், அவர்கள் வாய் மூடாத மனுஷர்கள். போன வருஷம் எங்கள் வீதியில், பிடித்தவனோடு போய்விட்ட ஒரு பெண்ணின் அம்மா, எல்லாம் தெரிந்தும் சொல்லவில்லை என்று அவளைத்தான் நடுவாசலில் உட்காரவைத்துக் கேட்டார்கள். பெண்ணைக் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டார்கள். தெரியாதவளாக இருந்தால் ஒரு போட்டோவை வெட்டினதோடு போகும். தெரிந்தவளாகிவிட்டால் நான் எதை எதை வெட்ட வேண்டும், நீ சொல். எனக்கு யார் இருக்கிறார்கள், யாரிடம் போய் நான் கேட்பேன்?

ஒன்றும் தெரியாது எனக்கு. விடு.

அதோ, ஃபேன் சுற்றுகிறது. கரண்ட் வந்துவிட்டது, போடு போடு. இந்தா போன். எவ்வளவு நேரம் பிடிக்கிறது இந்தப் பெட்டிக்கு உயிர் வர! ம். இதுதான். இதேதான். பெரிசாகப் பார்த்தால் இன்னும்... பார்த்தாயா சிரிப்பை? நான் எடுத்தது, நம்புவாயா?

என்ன? அவனை எடுத்துவிடலாமா? சரி. ஆனால் என்ன?

அவளுடைய கை அவன் கைக்குள் இருக்கிறதா? எங்கே காட்டு. அடிபட்ட கையை இவள்தான் பிடித்திருந்தாள் என்று நினைத்தேன். அடிபட்டது அந்தக் கை இல்லையா? அடிபட்ட கை மடியில் கிடக்கிறதா? ம்.

அவனை எடுத்தால் அவள் கையும் போய்விடுமா? எதுவரைக்கும்? முழங்கை வரைக்குமா?

போனால் போகட்டும் கண்ணு. பெரியவர் முகத்தைத்தான் கேட்டார். கையைக் கேட்கவில்லை. சிரிப்பு அப்படியே இருக்குமல்லவா? அது போகாதல்லவா?

அப்படியானால் வெட்டு. சித்தே பொறு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.